என்னவென்று கூப்பிட?

"பேரப்பிள்ளைங்க என்னை நோன்னான்னு கூப்பிடக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் செராஃபினா, காப்பியில் பிஸ்கோத்தை முக்கியபடி.

கல்யாணமே அடுத்த ஞாயிறுதான். அதற்குள் ரொசெல்லாவின் வருங்கால மாமியார், பிறக்காத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பழக்க ஆரம்பித்துவிட்டாள். இத்தாலியில் பாட்டியை நோன்னா என்பார்கள்; அப்படிக் கூப்பிட்டால் கிழவி என்று ஊருக்கே தெரிந்துவிடுமாம். மகன் கார்மினே வேலை பார்க்கும் ஜெர்மனியில் பாட்டியை ஓமா என்பார்கள், அதுதான் நாகரிகமாம். பக்கத்து வீட்டுக் கிரேக்கக்காரியைப் பேரன் யாயா என்கிறான். கோழி விரட்டுவது போலிருக்கிறதாம்.

ரொசெல்லாவின் அப்பா வாக்குக் கொடுத்தாயிற்று. கல்யாணத்துக்கு மறுநாளே ஜெர்மனிக்கு ரயில். வீட்டின் கடைக்குட்டி, மூன்று வயது மிம்மாவையும் கூட்டிப்போகிறேன் என்று ரொசெல்லா நேற்று கேட்டுப் பார்த்தாள். அப்பா இடுப்புப் பெல்ட்டைத் தொட்டார். பேச்சு அதோடு முடிந்தது.

"நெஞ்சு நோய்னு பாரி பட்டணத்துல சித்தி வீட்ல ஒரு வருஷம் கிடந்தியாமே, இப்போ தேவலையா?" என்று ரொசெல்லாவிடம் கேட்டாள் செராஃபினா.

"அதெல்லாம் ஆச்சு நாலு வருஷம்" என்று அப்பா முந்திக்கொண்டார்.

செராஃபினா, ரொசெல்லாவின் அம்மா அசுந்தாவிடம் திரும்பினாள். "நீ பலே ஆளு சம்பந்தி. பேத்தியைத் தூக்குற வயசுல தொட்டில் ஆட்டுறியே."

அப்பா பெரிதாகச் சிரித்தார். அசுந்தா சிரிக்கவில்லை.

அந்தச் சத்தத்தில் விழித்துக்கொண்ட மிம்மா, அழுதபடி ஓடி வந்து ரொசெல்லாவின் பாவாடையைப் பிடித்தாள். ரொசெல்லா இரண்டு கைகளையும் மேசைக்கடியில் கோத்து இறுக்கிக்கொண்டாள். அப்பாவின் கண் அவள் மேலேயே இருந்தது.

"தங்கச்சிக்கு அக்கான்னா உசிராக்கும். ரெண்டு நாள் அழும், அப்புறம் மறந்துடும்" என்று செராஃபினா அடுத்த பிஸ்கோத்தை எடுத்தாள்.

தூக்க ஆளில்லாமல் மிம்மா, "மம்மா" என்று அசுந்தாவிடம் போய்க் கை நீட்டினாள்.

அசுந்தா தூக்கவில்லை. ஏப்ரன் நுனியால் குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். புருஷன் பக்கம் பார்க்காமலேயே, அதன் தோளைப் பிடித்து ரொசெல்லாவை நோக்கித் திருப்பிவிட்டாள்.

"நோன்னாவுக்குக் கை வலிக்குது. உன் அம்மாகிட்டப் போ."