கீறல் படாத வாள்

காட்டில் உயிர் பிழைக்கும் வீடியோ கேம் ஒன்றில், தயாளன் என்ற ஆட்டக்காரனின் பெட்டிக்குள் ஒரு கோடரியும் ஒரு வாளும் இருந்தன. வாள் என்றால் வெட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இது படுத்தே கிடக்கும் ரகம்.

கோடரி மரம் வெட்டும், ஓநாயை அடிக்கும். அடிக்க அடிக்க, அதன் ஆயுளைக் காட்ட கீழே தெரியும் பச்சைக் கோடு தேய்ந்து சிவப்பாகும். தயாளன் அதைப் பட்டறையில் வைத்து, இரும்பு ஒட்டிச் சரிசெய்து, மறுபடி பெட்டியில் போடுவான்.

"வந்துட்டியா, ஒட்டுப்போட்ட பயலே?" என்று வாள் முகம் சுளிக்கும். "என்னைப் பாரு. ஒரு கீறல் உண்டா?"

"கீறல் படுற இடத்துக்கு நீ எப்போ போனே?"

"நான் பெரிய சண்டைக்குன்னு வெச்சிருக்கிற பொருள். சில்லறை வேலைக்கெல்லாம் தொட மாட்டான்."

பெரிய சண்டையும் வந்தது. குகையில் ராட்சதக் கரடி. தயாளன் வாளைக் கையில் எடுத்தான். "இதைப் போய் வீணாக்கணுமா?" என்று திரும்ப வைத்துவிட்டுக் கோடரியோடு கிளம்பினான்.

"பார்த்தியா என் மதிப்பை!" என்று வாள் காலிப் பெட்டியிடம் பீற்றிக்கொண்டது.

கரடியைச் சாய்த்த கோடரி, கூர் மழுங்கிச் சிவப்புக் கோட்டோடு திரும்பியது. ஒட்டுவதற்கு இரும்பு தீர்ந்துபோயிருந்தது. தயாளன் வாளை எடுத்துப் பட்டறையில் வைத்தான்.

"கடைசியில என் நாள் வந்துடுச்சு!" என்றது வாள்.

'உடைத்து இரும்பாக்கு' என்ற பட்டனை அழுத்தினான் தயாளன்.

"ஒரு கீறல்கூட இல்ல," என்றான். "கோடரிக்கு அருமையா ஒட்டும்."