பதினோரு குமிழ்கள்

"அந்தப் பெரிய பெட்டி ஒரு வாரம் ட்ரையலுக்கு வேணும் பாய்."

முகைதீன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எதுக்கும்மா? போன வருஷம் நான் வித்த சின்னப் பெட்டி கெட்டுப்போச்சா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு" என்றாள் லீலா.

சிராங்கூன் சாலையில் முகைதீனின் வானொலிக் கடையில் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்கள் இரண்டே இருந்தன. சின்னது முக்காலியின் மேல் இருந்தது. அதில் 'நாப்' எனப்படும் குமிழ்கள் இரண்டு. ஒன்று சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும், மற்றது ஒலியைக் கனமாக்கவும் கூர்மையாக்கவும். பெரியது கடையின் நடுவில் துணி அலமாரி போல நின்றது. அதில் பதினோரு குமிழ்கள். காலால் மிதிக்கும் விசை தனி.

"இது எக்கோ" என்று முகைதீன் ஒரு குமிழைத் தொட்டார். "கிணத்துக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரி கேக்கும். இது நடுக்கம். குளிர் ஜுரத்துல வாசிக்கிற மாதிரி."

"ஒன்பதாவது?"

"எட்டு மாசமா பாக்கறேன், தெரியல. திருப்பினா ஒண்ணும் ஆகாது. மறுநாள் காலையில ஆகும்."

லீலா சிரிக்கவில்லை. "புதுசா எடுக்கறவங்களுக்குப் பழக எத்தனை நாள் ஆகும் பாய்?"

"ஒரு மாசம். வாசிச்சுப் பழக இல்ல. இதையெல்லாம் திருப்பாம இருந்து பழக."

"அவ்வளவு கஷ்டமா?"

"போன மாசம் ஒருத்தர் கல்யாண வீட்டுக்கு எடுத்துட்டுப் போனார். ஆறு பாட்டு வாசிக்கணும். மூணாவது பாட்டுல நாப்பைத் திருப்பக் குனிஞ்சார். நிமிர்ந்தப்போ பந்தியே முடிஞ்சிருந்தது."

"அவருக்கு வாசிக்கத் தெரியாதோ?"

"ரொம்ப நல்ல கை. அப்படிப்பட்ட ஆளுங்களுக்குத்தான் இது ஆபத்து. சுமாரா வாசிக்கறவன் ஒரு இடத்துல வச்சுட்டு விட்டுடுவான். காது உள்ளவன் விடமாட்டான். இன்னும் கொஞ்சம் இனிமை, இன்னும் கொஞ்சம் இனிமைன்னு தேடிக்கிட்டே இருப்பான்."

லீலா தலையசைத்தாள்.

"சரி, என்ன அவசரம்? இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. வர்ற சனிக்கிழமை எங்கேயாவது வாசிக்கணுமா?"

"சாங்கி பட்டாள முகாம்ல வாராவாரம் டான்ஸ் நடக்குது இல்ல? பேரின்பநாயகம் சாரோட பேண்டுக்கு கிட்டார் ஆள் வேணுமாம். சனிக்கிழமை கேட்டுப் பாத்து எடுக்கறார். ஒரே இடம். ரெண்டு பேரை வரச் சொல்லியிருக்கார்."

"கிடைக்கலைன்னா?"

"கிட்டாரை வித்துட்டுத் திங்கக்கிழமையிலேருந்து பாத்திரக் கடையில உக்காருன்னு அப்பா சொல்லிட்டார்."

தேக்காவில் அவள் அப்பா மருதப்பனின் பாத்திரக் கடையை முகைதீனுக்கு இருபது வருடமாகத் தெரியும். அங்கே ஒருமுறை உட்கார்ந்தவர்கள் எழுந்ததில்லை.

"இன்னொரு ஆள் யாரு?"

"தனசேகரன்னு ஒருத்தர். எனக்கு முன்னால அவரைத்தான் வாசிக்கச் சொல்லிக் கேக்கறாங்க."

"எப்படி வாசிப்பான்?"

"என்னைவிட நல்லா வாசிப்பார்" என்றாள் லீலா, பஸ் நம்பர் சொல்வதுபோல.

"அவன்கிட்ட என்ன பெட்டி?"

"என்னோடது மாதிரியே. ரெண்டு நாப்."

"ஓ! அதனால நீ பெரிசுக்கு வந்துட்டே."

"அதனாலதான் பாய்."

முகைதீன் எழுந்தார். சுவரில் தொங்கிய கிட்டாரை எடுத்துச் சின்னப் பெட்டியில் செருகி, அவள் கையில் கொடுத்தார்.

"வாசி."

லீலா ஒரு நிமிடம் வாசித்தாள். ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்டது. பக்கத்துக் கடைத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"கேட்டியா? உன் விரல் என்ன செய்யுதோ அது அப்படியே வெளியே வருது. இதுக்கு மேல என்னம்மா வேணும்?"

"ஒண்ணும் வேணாம் பாய். இதுவே போதும்."

"பின்னே? அந்தப் பெரிசைக் கொண்டுபோனா சனிக்கிழமை காரியம் கெட்டுப்போகும் லா. வியாபாரி நானே சொல்றேன். அந்தப் பேரின்பநாயகம் கோபக்காரர். ஒரு பாட்டு முழுசா வாசிக்கலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவார்."

"நிச்சயமாவா?"

"நானே பாத்திருக்கேன்."

"அப்போ சீட்டை எடுங்க பாய்."

முகைதீன் பெருமூச்சு விட்டு ட்ரையல் சீட்டையும் பேனாவையும் எடுத்து வைத்தார்.

"நான் சொல்றதைச் சொல்லிட்டேன். அப்புறம் உங்கப்பா முன்னால வந்து என்னைக் குத்தம் சொல்லக்கூடாது. இந்தா, மேல எடுத்துட்டுப் போறவர் பேரு. கீழ ஜாமீன். கடை வச்சிருக்கற குடும்பத்துல யாராவது போட்டாத்தான் பெட்டியை வெளிய விடுவேன். அது உனக்கே தெரியும்."

லீலா குனிந்து நிதானமாக எழுதினாள். எழுதியதை ஒருமுறை ஊதி உலர்த்தி, அவர் பக்கம் நகர்த்தினாள்.

முகைதீன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். ஜாமீன் என்ற இடத்தில் 'மருதப்பன் மகள் லீலா' என்றும், எடுத்துச் செல்பவர் என்ற இடத்தில் 'தனசேகரன்' என்றும் இருந்தது.

"பாவம் பாய்" என்றாள் லீலா. "ஜாமீன் போட ஆள் இல்லாம, தினமும் வாசல்லயே நின்னு இதைப் பாத்துட்டுப் போறார்."