பன்னிரண்டாவது அளவு

சுவரில் அது இன்றும் இருந்தது.

சமையற்கட்டு வாசலின் இடப்புறம், ஒரு சிறு கையின் பதிவு. முதன்முறையாகத் தொட்டேன். என் விரல் நுனி வெள்ளியாய் மினுங்கியது. பட்டாசில் சேர்க்கும் அலுமினியப் பொடி, புதியது.

முத்துப்பேச்சி எனக்குப் பின்னால் நின்றாள்.

நாரணாபுரத்து இவ்வீட்டில் உரிமமின்றிப் பட்டாசு செய்து, அது வெடித்ததால் கைதானவள். முதல் குற்றம் என்பதால், நீதிமன்றம் தண்டனை விதிக்காமல் ஓராண்டு நன்னடத்தைப் பிணையில் விடுவித்தது. மாதந்தோறும் வந்து பார்த்து அறிக்கை எழுதுவது, நன்னடத்தை அலுவலரான என் பொறுப்பு.

இது பன்னிரண்டாவது ஆய்வு, கடைசி. வீட்டில் பொடி இல்லை என்று நான் எழுதினால் வழக்கு முடிந்துவிடும். இருக்கிறது என்று எழுதினால் அவளுக்குச் சிறை.

பானைகளைக் கவிழ்த்துப் பார்த்தேன். பரணில் விளக்கடித்துப் பார்த்தேன். எங்கும் பொடி இல்லை.

முதல் மாதமே, ஏதோ பழைய கறை என்று, சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். அடித்தாள். அடுத்த மாதம் அது மீண்டும் பதிந்திருந்தது, அரை சென்டிமீட்டர் மேலே. பிறகு ஒவ்வொரு மாதமும் அப்படியே.

அவளுடைய கை அதைப் போல் இருமடங்கு. அதையும் அளந்து எழுதியிருக்கிறேன். வீட்டில் வேறு எவரும் இல்லை.

அளவு நாடாவைத் தரையில் ஊன்றி அந்தப் பதிவு வரை மேலே இழுத்தேன்.

"இந்த மாசம் எம்புட்டும்மா?"

ஒவ்வொரு முறையும் இதையே கேட்பாள். அச்சத்தால் கேட்கிறாள் என்றே எண்ணியிருந்தேன்.

எண்பத்தைந்தரை என்றேன். முதல் மாதம் எண்பது.

அவள் முகம் மலர்ந்தது, உடனே வாடியது.

"இனிமே நீங்க வரமாட்டீகளே. யாரு அளந்து சொல்லுவா?"

கோப்பின் முதல் தாளை நான் பலமுறை படித்தவள். இன்றுதான் அதன் நான்காம் வரியில் விரல் நின்றது.

விபத்தில் இறந்தவர்: பானுப்பிரியா, வயது ஐந்து, எதிரி முத்துப்பேச்சியின் மகள்.

'பொடி ஏதும் காணப்படவில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். முப்பத்தோர் ஆண்டுப் பணியில் நான் எழுதிய முதல் பொய். தாளின் ஓரத்தில் என் விரல் பட்ட இடம் மினுங்கியது.

அளவு நாடாவை அவளிடம் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டு, ஆளற்ற சமையற்கட்டின் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி பானு, ஆடாம நில்லு."