இரண்டு நிமிடம் லைனில் இருங்கள்

இரண்டை அமுக்கினேன். பிறகு நான்கு. பிறகு ஒன்று. கடைசியாக ஒன்பது.

வரிசை மனப்பாடம். இந்த இரண்டு மாதத்தில் வீட்டு விலாசத்தைவிட அதுதான் எனக்கு நன்றாகத் தெரியும்.

"இந்த உரையாடல் பதிவு செய்யப்படலாம்" என்றது டிவி இணைப்புக் கம்பெனியின் இயந்திரக் குரல். பிறகு பாட்டு. அந்தப் பாட்டுக்கு வார்த்தையும் கிடையாது, முடிவும் கிடையாது.

கிடங்கில் சாப்பாட்டு நேரம் அரை மணி. வாஷிங் மெஷின் பெட்டிகளை அடுக்கும்போதே நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குச் சந்து விட்டிருந்தேன். சிக்னல் அங்கேதான் ஒழுங்காகக் கிடைக்கும். காலையிலிருந்து நாற்பது மெஷின் இறக்கியாயிற்று. தோளில் சுமைப் பட்டை அழுத்திய இடம் சட்டை பட்டாலே எரிகிறது. ஒன்றரைக்கு ஃப்ரிட்ஜ் லாரி வரும்.

"என்னண்ணே, உங்க டிவி பெட்டிக்கு இன்னும் உயிர் வரலையா?"

ஒட்டகம் எட்டிப் பார்த்தான். என்னோடு சுமக்கிறவன். கழுத்து நீளம், அதனால் அந்தப் பெயர். வாயும் நீளம்தான்.

"நீங்க கூப்பிட்ட கூப்பாட்டுக்கு அந்தக் கம்பெனிக்காரங்களோட சம்பந்தமே பேசி முடிச்சிருக்கலாம்."

"போய்த் தின்னுடா" என்றேன்.

லைனில் முதலில் ஓர் ஆண் வந்தான். பெயர் கேட்டான். அங்கே எல்லோரும் முதலில் பெயரைத்தான் கேட்பார்கள். சரியாயிடுச்சு தம்பி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுபடி இரண்டு, நான்கு, ஒன்று, ஒன்பது.

அடுத்து ஒரு பெண், மூக்கடைத்த குரல். "சார், உங்க நம்பருக்கு சிஸ்டத்துல என்ன காட்டுதுன்னா..." என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் கேட்டால் வம்பு. துண்டித்தேன்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு குரல். அங்கே நூறு பேராவது உட்கார்ந்திருப்பார்களாம். அழைப்பு யாரிடம் போய் விழும் என்பது மெஷின் குலுக்கிப் போடுகிற சீட்டு. போன மாதம் ஒருநாள் அந்தக் குரல் வந்தது. 'வணக்கம்' என்ற ஒரு சொல்லிலேயே தெரிந்துவிட்டது. வாயடைத்துப்போய் நானே வைத்துவிட்டேன், மடையன். அன்று சாயங்காலம் வரை சுமந்த எதுவும் எனக்குக் கனக்கவே இல்லை.

அதற்காகத்தான் இந்த அட்டை. மெஷின் பெட்டியில் கிழித்தது. மறுபடி அந்தக் குரல் வந்தால் ஊமையாகி நிற்கக் கூடாதே என்று, சொல்ல வேண்டியதை மூன்று வரியில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். நாற்பத்தைந்து வயதில் எழுத்துக் கூட்டப் பழகினவன். மூன்று வரிக்கு மூன்று நாள் ஆயிற்று.

ஐந்தாவது முறை. மணி ஒன்று இருபது. பாட்டு பாதியில் நின்றது.

"வணக்கம். உங்களுக்கு நான் என்ன உதவி செய்யணும்?"

அவள்தான்.

அட்டையை எடுத்தேன். வியர்வையில் ஓரம் ஊறியிருந்தது. முதல் வரியைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி படித்தேன். "டிவி பெட்டியில் விளக்கு எரியவில்லை."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் விசைகளைத் தட்டும் ஓசை கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

மற்ற இரண்டு வரிகளும் நாக்கு நுனி வரை வந்தன. பதிவாகிறதே! வேலை நேரத்தில் வேறு பேச்சு என்று யாராவது கேட்டால் அவள் பிழைப்புக்கல்லவா கேடு. அட்டையைத் தொடைமேல் கவிழ்த்து வைத்தேன்.

"பச்ச விளக்கா சார், செவப்பா?"

"ரெண்டும் இல்லம்மா."

அவள் என் பெயரைக் கேட்கவில்லை.

"பெட்டிய அணைச்சிடுங்க சார். ரெண்டு நிமிஷம் கழிச்சுப் போடுங்க. லைன்லயே இருங்க. நானும் இருக்கேன்."

இருந்தேன்.

அவளுக்குப் பின்னால் நூறு பேர் நூறு பேருக்குச் சமாதானம் சொல்கிற இரைச்சல். அதற்கு நடுவே ஒரு மூச்சு. ஒருதரம் தொண்டையைச் செருமினாள். குளிர்காற்று எப்போதுமே அவளுக்கு ஆகாது.

வெளியே லாரி வந்து நின்றது. "அண்ணே, ஃப்ரிட்ஜ் வந்தாச்சு! உங்க பெட்டி எங்கயும் ஓடிப் போயிடாது, வாங்க!"

எழுந்திருக்கவில்லை.

மூன்று வருடம் ஆகிறது. "போறதுன்னா மொத்தமாப் போ" என்று வாசலில் நின்று நான் சொன்னேன். மொத்தமாகத்தான் போனாள். பிடிவாதத்தில் என்னை உரித்து வைத்தவள். அவள் போனில் என் நம்பர் நுழையாது. இந்த வேலையில் இருக்கிறாள் என்று என் தங்கைதான் சொன்னாள். "உம் பொண்ணு அங்க வேற பேரு சொல்லித்தான் பேசுவா. உனக்குக் குரல் தெரியாதாண்ணே?"

தோளில் சுமை இருக்கும்போது இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். இது அந்த இரண்டு நிமிடம் இல்லை.

"வெளக்கு வந்துடுச்சா சார்?" என்றாள்.

"இல்லம்மா."

அந்தப் பெட்டியை, மூன்று வருடம் முன்பு அவள் வீட்டை விட்டுப் போன அந்த மாதமே கழற்றிக் கம்பெனியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பார்க்க ஆளில்லாத வீட்டில் அது எதற்கு? இணைப்பு முடிந்து மூன்று வருடம் என்று என் அழைப்பு போய்ச் சேர்ந்ததுமே அவள் முன்னால் திரையில் வந்திருக்கும். அவள் என்னைப் போல் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் இல்லை.

"பரவால்ல சார்" என்றாள். "இன்னொரு தடவ அணைச்சிட்டுப் போடுங்க. நான் இருக்கேன்."