யார் கைச் சாயம்?

"தண்ணியில எம் பேரு எழுதியிருக்குதா?" என்று எகிறினார் சாயப்பட்டறை கந்தசாமி.

எதிரே மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி. பக்கத்தில் சேவூர் காலனியிலிருந்து மனுவோடு வந்த ஒரு பெண்.

"எங்க தெரு பம்புல ஒரு நாள் செவப்பா வருது, ஒரு நாள் பச்சையா வருதுங்க. அதைத்தான் குடிச்சிகினு கெடக்கறோம்," என்றாள்.

"ஆரணியில பதினாறு சாயப்பட்டறை இருக்குது. எவனோ உட்ட தண்ணிக்கு என்னை ஏம்மா பேஜார் பண்றே?"

பதினாறு பட்டறைக்காரர்களும் கிளிப்பிள்ளை மாதிரி இதையேதான் சொன்னார்கள். யார் விட்ட சாயம் என்று தெரியாமல் யார்மேல் நடவடிக்கை எடுப்பது? அதிகாரி கையை விரித்தார். கந்தசாமி பழையபடி சாய அண்டாவை அடுப்பில் ஏற்றினார்.

பத்து நாள் போனது. பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அண்ணன் மகள் ஸ்வர்ணலதா போன் செய்தாள். ஃபேஸ்புக் வருவதற்கு முன்னால், ஊரெல்லாம் ஆர்குட் பைத்தியம் பிடித்திருந்த காலம் அது.

"சித்தப்பா, ஜல்தியா வாங்க. ஆர்குட்ல ஒரு கலருக்காக ஒரே சண்டை!"

போய்ப் பார்த்தார். திரையில் ஒரு துணியின் மடிப்பு மட்டும் தெரிந்தது. இளம் வாடாமல்லி நிறம், அப்படியொரு அழகு! 'இது எந்த மாஸ்டர் கைச் சாயம்?' என்று கீழே ஒரு கேள்வி. துபாய், சிங்கப்பூர், சென்னை என்று இருநூறு பேருக்கு மேல் பதில் எழுதியிருந்தார்கள்.

"அம்மாடியோவ்! ஒரு துணிக்கு இத்தினி பேரா?" வாயைப் பிளந்தார் கந்தசாமி.

"காஞ்சிபுரத்துக் கலர்னு ஒருத்தர் அடிச்சி சொல்றாரு சித்தப்பா."

வந்ததே கோபம் அவருக்கு!

"காஞ்சிபுரமா? அவன் பாட்டனே வந்தாலும் இந்த ஷேடு வராது! இது நான் கலக்கற கலரு. எம் பேரு, பட்டறை அட்ரஸு எல்லாம் அடிம்மா. ஆரணியில வேற எவனுக்கும் இது வராதுன்னும் போடு!"

ஸ்வர்ணலதா ஒன்று விடாமல் அடித்தாள்.

மூன்றாம் நாள் பட்டறை வாசலில் அதே அதிகாரி, அதே பெண். அதிகாரி கையில் அந்தப் பக்கத்தின் பிரிண்ட் அவுட்.

"இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமாங்க!" ஏதோ விருதுதான் தரப்போகிறார்கள் என்று நெஞ்சை நிமிர்த்தினார் கந்தசாமி. "அந்தக் காஞ்சிபுரத்துக்காரன் அப்புறம் வாயைத் தொறந்தானா?"

"அவரு எங்க காலனி ஜீவானந்தம்ங்க, துபாய்ல டிரைவரு," என்றாள் அந்தப் பெண். "எழுதினவங்கள்ல முக்காவாசிப் பேரு எங்காளுங்கதான். பொழப்புக்காக ஊர் ஊரா போனவங்க."

கந்தசாமிக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"அப்போ படத்தைப் போட்டது?"

"நாந்தாங்க. எம் பேரு கலைமகள்."

"அந்தப் பட்டுத் துணியை ஒரு தபா கண்ணால பாக்கணுமேம்மா."

அவள் பையிலிருந்து எடுத்து விரித்துப் பிடித்தாள்.

"பட்டு இல்லீங்க. எங்க பம்புத் தண்ணியில தொவைச்ச எம் பொண்ணோட பள்ளிக்கூடச் சட்டை. வாங்கறப்போ வெள்ளை."