பாஸ் ஆன மெஷின்

"பாஸ் போட்ட மகராசன் யாருய்யா இங்கே?"

சோதனைக்கூடத்தின் கனத்த கதவை ஓங்கித் தள்ளிக்கொண்டு ஒரு பெண்மணி நுழைந்தார். இன்ஜினியர் வாயருகே கொண்டுபோன டீயைக் கீழே வைத்தார். ஒரு மெஷின் எவ்வளவு ரேடியோ அலையை வெளியே கசியவிடுகிறது என்று அளந்து சான்றிதழ் கொடுப்பது அவர் வேலை. ஃபெயில் போட்டதற்காகச் சண்டைக்கு வந்தவர்கள் ஏராளம். பாஸ் போட்டதற்காக வந்த முதல் ஆள் இந்த அம்மாதான்.

"எந்த மெஷின்மா?"

"முதுகுவலிக்கு ரேடியோ அலையால சூடு கொடுக்கிற மெஷின். போன வாரம் பாஸ் போட்டீங்களே, அதேதான்! ஆஸ்பத்திரியில அதை ஆன் பண்ணினா, சுவத்துக்கு அந்தப்பக்கம் ஒருத்தருக்கு மருந்து ஏத்துற பம்பு நின்னுபோகுது. நர்ஸ் பார்த்ததால மனுஷன் பிழைச்சார். இதுக்குப் பேர் பாஸா?"

இன்ஜினியருக்குச் சுள்ளென்று ஏறியது. கைசுத்தமான ஆள் என்று பேரெடுத்தவர் அவர்.

"முழு பவர்ல வெச்சுத்தான் அளந்தேன். திரையில நூறுன்னு காட்டுச்சு. கசிவு வரம்புக்கு ரொம்பக் கீழே!"

"நோயாளி மேல வைக்கிற பட்டைகளை எதுமேல வெச்சீங்க?"

"மேஜை மேல. வேற எங்கே வைக்கிறது?"

"அட கடவுளே! உடம்போ, அதுக்குப் பதிலா ஒரு உப்புத்தண்ணிப் பையோ தொட்டாத்தான் அது அலையே அனுப்பும். இல்லேன்னா திரையில மட்டும் நூறு காட்டிட்டு உள்ளே சும்மா கிடக்கும். தூங்குற மெஷினை அளந்துட்டு, சமத்துன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க!"

கம்பெனி கொடுத்த கையேட்டை இன்ஜினியர் வரி விடாமல் படித்திருந்தார். இப்படி ஒரு விஷயம் அதில் இல்லவே இல்லை. யாரோ எதிரிக் கம்பெனி இந்த அம்மாவைக் கிளப்பிவிட்டிருக்கிறது என்று அவருக்குப் பட்டது.

"உங்களை யார் அனுப்பினாங்க?"

"யாரா இருந்தா என்ன? சாயங்காலம் லாரி லாரியா மெஷின் கிளம்புது. கம்பெனி முதலாளிகிட்ட தொண்டை வத்தக் கத்தியாச்சு, 'பாஸ் ஆயிடுச்சுல்ல'ன்னு சிரிக்கிறார். நீங்க ரத்து பண்ணினாத்தான் நிக்கும். பண்ணுங்க!"

"வயித்தெரிச்சல்ல வந்து கத்தினா ரத்து பண்ணிடணுமா? அந்த மெஷினை டிசைன் பண்ணின மேடத்துக்கே போன் போடறேன். நேர்ல பார்த்ததில்ல, பேசினதில்ல. ஆனா படு கெட்டிக்காரங்க. உங்களை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க!"

"போடுங்க. தாராளமாப் போடுங்க."

கம்பெனியின் விண்ணப்பத்தில் இருந்த எண்ணை இன்ஜினியர் ஆத்திரத்தோடு அழுத்தினார். அந்த அம்மாவின் கைப்பைக்குள் மணி அடித்தது.

அந்த அம்மா போனை எடுத்துக் காதில் வைத்து, இன்ஜினியரின் முகத்தையே பார்த்தபடி சொன்னார்:

"சும்மா கிடக்கும்போதும் திரையில நூறு காட்ட வெச்ச முட்டாள்தான் பேசறேன். முதல்ல என்னைத் திட்டுங்க. திட்டிட்டு ரத்து பண்ணுங்க."