ஆமை சொன்ன புகார்

எல்லோரையும் அவரவர் விருப்பப்படி சாமி கும்பிட விடுகிறார்களா என்று குளம் குளமாக விசாரிக்க, கடல் தாண்டி வருஷா வருஷம் ஓர் உள்ளான் பறவை வரும். இந்த முறை கரையோரத்தில் வழவழப்பான ஒரு கல்லில் இறங்கி, தவளைத் தலைவரை அழைத்தது.

"போன வருஷம் ஆமை புகார் சொல்லுச்சே? 'நான் தலையை உள்ளே இழுத்துக்கிட்டு மௌனமா கும்பிடுறவன், தவளைங்க என்னையும் கத்தச் சொல்றாங்க'ன்னு?"

"அது தீர்ந்துபோச்சுங்க. இப்ப ஒரு புகாரும் இல்லை."

"சந்தோஷம். ஆமைகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதிக்கிறேன். எங்கே அது?"

"அது மேலதானே உட்கார்ந்திருக்கீங்க!"

உள்ளான் குனிந்து பார்த்தது. ஓட்டுக்குள் ஒன்றுமே இல்லை. பதறிப்போய்ப் படபடவென்று எழும்பியது.

"ஏன் எழுந்துட்டீங்க? சும்மா உட்காருங்க" என்றது தவளை. "நாங்களும் அதுமேல ஏறி நின்னுதான் சாமி கும்பிடுறோம்."